தங்கப்பழம் அண்ணாச்சிக்குக் கேரவன் வந்த கதை

தங்கப்பழம் அண்ணாச்சி செத்துப்போனது ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு. எழுந்து உட்கார்ந்து டீ கேட்டது நாலு பன்னிரண்டுக்கு. நடுவில் இருந்த இரண்டு நிமிஷமும் அவர் மூக்கிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தவன் நான் என்பதால் நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். நாற்பத்தொரு வருஷமாக அடுத்தவர் முகத்தைத் தொட்டுப் பிழைக்கிறவன் நான், பெயர் வில்சன், மேக்கப்மேன், ஊர் நாசரேத். செத்துப்போன பெரிய நடிகர்களுக்குக் கடைசிப் பவுடர் போட்டதும் இந்த விரல்கள்தான் என்பதால், உயிருள்ள தோல் எப்படிப் பவுடரை வாங்கிக்கொள்ளும், உயிர் போன தோல் எப்படி அதை வேண்டாமென்று உதறும் என்று இவற்றுக்குத் தெரியும். அன்றைக்கு அண்ணாச்சியின் கன்னம் பவுடரை உதறியது.

“அண்ணாச்சி, நீங்க செத்துட்டீங்க” என்றேன்.

“தெரியும்டே. டீயைச் சொல்லு” என்றார்.

டீ வந்தது. குடித்தார். குடித்த டீ தொண்டைக்குள் இறங்காமல் மூக்கு வழியாகத் திரும்பி வந்து மேல்துணியில் ஒழுகியது. பக்கத்தில் நின்ற லைட்மேன்கள் இரண்டு பேர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் என்ன செய்தாலும் சிரிப்பது என்று ஜனங்கள் முடிவு செய்து பல காலம் ஆகியிருந்தது.

உடன்குடியிலிருந்து நாடகக் கம்பெனியோடு மெட்ராஸுக்கு வந்த தங்கப்பழம், நாற்பத்தாறு வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களில் உதை வாங்கினார். நடித்தார் என்று சொல்வது மரியாதைக்காக. அவர் வாங்கியது உதை. வாழைத்தோலில் வழுக்கி உதை, சாக்கடையில் விழுந்து எழுந்து உதை, அடுத்தவன் பெண்டாட்டியைப் பார்த்ததற்கு உதை, பார்க்காததற்கும் உதை. ஒரே குடும்பத்தில் தாத்தா ஹீரோ உதைத்தார், மகன் ஹீரோ உதைத்தார், இப்போது பேரன் ஹீரோ உதைக்கிறார். மூன்று தலைமுறைக் காலையும் இடுப்பில் தாங்கிய மனுஷனுக்குப் போஸ்டரில் ‘உதை தங்கப்பழம்’ என்று பேர் போட்டார்கள். படப்பிடிப்பில் உட்கார அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்ததில்லை. மரத்தடியில் ஜெனரேட்டர் வண்டியின் நிழலில், என் மேக்கப் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார்.

எழுபத்தொன்றாவது வயதில் அவருக்கு ஒரு பெரிய வேஷம் வந்தது. ரித்விக் என்கிற இருபத்தேழு வயதுப் பையன் டைரக்டர், முதல் படம். வீட்டில் கல்யாணம், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் தாத்தா செத்துப்போகிறார், வெளியே தெரிந்தால் தீட்டு என்று நான்கு மருமகன்கள் பிணத்துக்குப் பட்டுவேட்டி கட்டி, கூலிங் கிளாஸ் மாட்டி, பந்தி முதல் மணமேடை வரை தூக்கிக்கொண்டு அலைகிற சிரிப்புப் படம். தாத்தாதான் அண்ணாச்சி. இருபத்திரண்டு நாள் கால்ஷீட், இருபத்திரண்டு நாளும் பிணம், ஒரு வரி வசனம் கிடையாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவன் பாடையைவிட்டு இறங்குவதற்கு முன்னால் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பு படத்தில் வராது, எடிட்டர் வெட்டி எறிந்துவிடுவார். ஆனாலும் எடுத்தே ஆக வேண்டும். எமன் பார்த்து, அட, இவன் சும்மா படுத்துக் கிடந்தவன் என்று ஏமாந்து போவதற்காக எடுக்கிற ஷாட் அது. சிரிப்பு ஷாட் என்று பேர். சாமி கும்பிடாத கேமராமேன்கூட அதை எடுக்காமல் பேக்கப் சொல்ல மாட்டான்.

முதல் நாளே அந்தப் பேச்சு வந்தது. ப்ரொடக்ஷன் மேனேஜர் காளிங்கன், பேச்சிலேயே பாதி வேலையை மிச்சம் பிடிக்கிற ஆள், அவர்தான் சொன்னார்: “தினமும் எதுக்கு சார்? நாளைக்கும் பிணம்தானே? ஆளு கன்டினியூட்டில இருக்காரு. நடுவுல சிரிச்சா கன்டினியூட்டி கெட்டுடும். கடைசி நாள் மொத்தமா ஒரே சிரிப்பா எடுத்துக்கலாம்.”

டைரக்டருக்கு அது நியாயமாகப் பட்டது. கேமராமேனுக்கு நியாயமாகப் பட்டது. பூசணிக்காய் சுற்றுகிறவருக்கும், ஐயோ, எனக்கும் நியாயமாகப் பட்டது. பிணம் தொடர்ச்சியாகப் பிணமாக இருப்பதுதானே முறை என்று நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். வெளியாள் ஒருவன் இருந்திருந்தால், அடப்பாவிகளா, எமனுக்கு ஏதுடா கன்டினியூட்டி என்று கேட்டிருப்பான். மூன்றாம் நாள், நான்கு மருமகன்களும் அவரைச் சாப்பாட்டுப் பந்தியில் உட்காரவைத்து வாயில் ஜாங்கிரி திணிக்கிற ஷாட்டில், அண்ணாச்சி நிஜமாகவே செத்துப்போனார். ஷாட் ஓகே ஆனது. யூனிட்டே கைதட்டியது.

அவர் செத்தபடியே நடமாடுகிற சேதி யூனிட்டுக்குள் பரவ ஒரு டீ நேரம் ஆனது. அது பழகிப்போக இன்னொரு டீ நேரம் போதுமாக இருந்தது. மேனேஜர் நர்ஸைக் கூப்பிட்டு நாடி பார்க்கச் சொன்னார், நாடி இல்லை என்றதும் “அப்போ காலைல ஆறு மணிக்கு வந்துடுவாரா?” என்று கேட்டார். கலை இயக்கக்காரர்கள், செட்டில் உயிரில்லாத பொருள் எதுவானாலும் எங்கள் துறைக்குக் கீழேதான் வரும் என்று உரிமை கொண்டாட, நடிகர் சங்கத்துக்காரர்கள், வசனம் பேசக்கூடிய எதுவும் எங்கள் ஆள் என்று சண்டைக்கு வர, கடைசியில் நிற்கும்போது நடிகர், படுத்தால் செட் பொருள் என்று சமாதானம் ஆனது. சாப்பாட்டு மேசையை மட்டும் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிற இடமாகப் பார்த்துத் தள்ளிப் போட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் மதினி வந்தாள். அன்னபுஷ்பம் மதினி, அண்ணாச்சியின் மனைவி, அறுபத்தாறு வயது. அதே நாடகக் கம்பெனியில் ராணி வேஷம் கட்டியவள், அவர் முதல் உதை வாங்கிய படத்தில் பின்வரிசையில் ஆடியவள். அவளுக்குத் தொழில் தெரியும். புருஷனின் கையைப் பிடித்துப் பார்த்தாள், கண் இமையை விலக்கிப் பார்த்தாள், அழவில்லை. நேரே மேனேஜரிடம் போய் நின்றாள்.

“சிரிப்பு ஷாட் எடுத்தாச்சா?”

“நாளைக்கும் பிணம்தானேம்மா” என்றார் காளிங்கன்.

“ஏய்யா, அத எடுக்காததாலதான் எமன் கணக்கு முடியாம மனுஷன் இப்படி ரெண்டுங்கெட்டானா நிக்காரு. ஒரு தடவை சிரிக்கவச்சு விட்டுருங்க. முழுசா செத்துருவாரு. உடம்பு நல்லா இருக்கும்போதே தகனம் பண்ணிக்கிடுதேன்.”

“முழுசா செத்துட்டாருன்னா படம் என்னம்மா ஆகும்?”

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்: புருஷன் அழுகுவதற்கு முன்னால், முழு உடம்பாக, அவருடைய முகத்தோடு அவரைத் தீயில் வைக்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பேக்கப் நேரத்துக்கு அவள் வந்து அதே கேள்வியைக் கேட்டாள், ஒவ்வொரு நாளும் அதே பதிலைச் சொன்னார்கள். தெருமுனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “பேசுற ஆளுக்கு எப்படிம்மா டெத் சர்டிஃபிகேட் குடுக்க முடியும்?” என்றார். மயானத்தில் கேட்டாள். நடந்து வருகிறவரை உள்ளே விடுவதற்குச் சட்டமில்லை என்றார்கள்.

ஆறாம் நாள் கேரவன் வந்தது. குளிர் இல்லாவிட்டால் அவர் இருபத்திரண்டு நாள் தாங்க மாட்டார் என்று கேமராமேன் சொன்னதால் வந்த வண்டி அது. ஏசியைக் கடைசி எண்ணில் வைத்து, ஜன்னலை அடைத்து, உள்ளே ஐஸ் பெட்டி போட்டு, வாசலில் ‘திரு. தங்கப்பழம்’ என்று தாளில் எழுதி ஒட்டினார்கள். அந்தத் தாளைப் பார்த்தவுடன் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது. நாற்பத்தாறு வருஷத்தில் அவர் பேருக்கு முன்னால் ‘உதை’ இல்லாமல் எழுதியதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

“புஷ்பம், கேரவன் குடுத்துருக்காங்க பாத்தியா?” என்றார். “உள்ளயே கக்கூஸ் இருக்கு. எனக்குத் தேவைப்படல, ஆனா இருக்கு.”

“வெட்கமா இல்லையா உங்களுக்கு?” என்றாள் மதினி.

அவருக்கு வெட்கமில்லை. எங்களுக்கும் இல்லை. எனக்கு நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது, நாற்றத்தால் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பதாம் நாள் வயிறு உப்பியது, காஸ்ட்யூமர் சட்டையின் தையலைப் பிரித்துவிட்டார். பன்னிரண்டாம் நாள் வலது கைத்தோல் கையுறை கழல்வதுபோல விரல் நுனிவரை நழுவி என் கையோடு வந்தது, நான் பசை தடவி மறுபடி மாட்டிவிட்டேன். ரித்விக் வந்து பார்த்து, “ஐயா, வேற லெவல்! இந்த டெடிகேஷனை எவனும் நெருங்க முடியாது” என்று கையெடுத்துக் கும்பிட்டான். ஈக்கள் மொய்த்தபோது அதையும் வைட் ஷாட்டில் எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் மூக்குக்குக் கீழே விக்ஸ் தடவிக்கொண்டு, சட்டைப்பையில் காப்பித்தூள் பொட்டலம் வைத்துக்கொண்டு, சாம்பிராணிப் புகைக்குள் இருமியபடி வேலை பார்த்தோம். மதியம் பிரியாணி வந்தால் எலும்பைக் கடித்துச் சாப்பிடவும் செய்தோம்.

நாற்பது விநாடி டீசர் ஒன்றை வெளியே விட்டார்கள். அதில் அண்ணாச்சி கண் இமைக்காமல் ஒரு ஜாங்கிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு நாடே அவரைப் பிடித்துக்கொண்டது. இந்த மனுஷன் இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று கேட்டார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு படத்தில் உங்கள் கண்ணெதிரே உதைபட்டுக்கொண்டு இருந்தாரடா என்று சொல்ல ஆளில்லை. கட்டுரைகள் வந்தன: ‘அசையாமல் சிரிக்கவைக்கும் மேதை’, ‘மூச்சே விடாத நடிப்பு’. அவருடைய பழைய உதைகளை வெட்டி, ஒட்டி, பின்னால் வயலின் வாசித்து, எல்லோரும் அழுதார்கள். யூடியூப்காரப் பெண் ஒருத்தி இரட்டை முகக்கவசம் போட்டுக்கொண்டு கேரவனுக்குள் வந்து, “சார், உயிர் போனதுக்கு அப்புறம் உங்க நடிப்புல என்ன வித்தியாசம் ஃபீல் பண்றீங்க?” என்று கேட்டாள்.

“இப்ப எவனும் ஒன் மோர் டேக் கேக்கறதில்லம்மா” என்றார் அண்ணாச்சி. அந்தப் பதிலைப் பனியனில் அச்சடித்து விற்றார்கள்.

சாலிகிராமத்தில் அவர் குடியிருந்த தெரு முதலில் நாற்றத்துக்கு எதிராக மனுக் கொடுத்தது. எதிர்வீட்டுக்காரர் தினமும் காலையில் அவர் வாசலில் ஒரு வாளி பினாயில் ஊற்றினார். டீசர் வந்த மறுநாள் அதே எதிர்வீட்டுக்காரர் தெருமுனையில் ‘எங்கள் தெருவின் தங்கமே’ என்று பேனர் கட்டினார், பினாயில் வாளிக்குப் பதில் பன்னீர்ச் சொம்போடு நின்றார். பிள்ளைகளுக்குப் பயம் தெளியும் என்று சொல்லித் தாய்மார்கள் வரிசையில் நின்று அவர் கையைக் குழந்தைகளின் தலையில் வைத்துக்கொண்டார்கள், தோல் ஒட்டிக்கொண்டால் பிரசாதம்போலத் துடைத்து எடுத்தார்கள். ஊதுபத்திக் கம்பெனி ஒன்று அவரை வைத்து விளம்பரம் எடுத்தது. நாற்றம் என்று யாராவது வாய்தவறிச் சொன்னால், அது கலையின் மணம் என்று திருத்துவதற்கு நாலு பேர் இருந்தார்கள். ஊருக்கு ஒன்று பழகிவிட்டால் அப்புறம் பீயும் சந்தனம்தான்.

விருது அறிவிப்பு பதினேழாம் நாள் வந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கிற வாழ்நாள் சாதனையாளர் விருது; உயிரோடு இருப்பவருக்குத்தான் கொடுப்பார்கள், செத்தவருக்கு வேறு பிரிவு, அதில் மேடையில் பூப்போட்ட படம் மட்டும் காட்டுவார்கள். கமிட்டி கூடிப் பேசியது. தானே படியேறி வந்து தன் கையால் வாங்கிக்கொண்டால் அவர் உயிரோடு இருப்பதாகத்தான் பொருள் என்று தீர்மானித்தார்கள். விழா இருபத்தொன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. ஆகவே அதுவரைக்கும் சிரிப்பு ஷாட்டைப் பற்றி எவரும் மூச்சுவிடக் கூடாது என்று காளிங்கன் எங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அன்றைக்குத்தான் கேரவனுக்குள் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை நடந்தது. நான் அவர் காதோரத்துப் பள்ளத்தை மெழுகு வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன்; இருவரும் என்னை ஒரு ஆளாகவே நினைக்கவில்லை.

“இவங்க எடுக்க மாட்டாங்க. நான் கேமரா வாடகைக்குப் பிடிச்சுட்டு வாரேன். வீட்ல வச்சு ஒரு சிரிப்பு சிரிச்சிருங்க. போதும் இந்தப் பொழப்பு” என்றாள் மதினி.

“ஞாயித்துக்கிழமை முடியட்டும் புஷ்பம்.”

“ஞாயித்துக்கிழமைக்கு உங்க காது இருக்காது.”

“வில்சன் ஒட்டிருவான்.” அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். “நாப்பத்தாறு வருஷம்டி. ஒருத்தன் ஒரு மைக்க என் கையில குடுத்து, சொல்லுய்யா தங்கப்பழம்னு கேட்டது கிடையாது. ஒரு தடவை அந்த மேடைல ஏறிட்டு வந்துருதேன். பொறவு நீ சொல்லுத இடத்துல படுத்துக்கிடுதேன்.”

“உசுரோட இருக்கையில குடுக்காதத இப்ப எதுக்குக் குடுக்காங்க? யோசிச்சுப் பாத்தீகளா?”

“இப்பமாவது குடுக்காங்கல்லா?”

மதினி அவரைப் பார்த்தாள். அருவருப்பு என்று எழுதிக் காட்டச் சொன்னால் அந்த முகத்தைத்தான் காட்டுவேன். நாற்றம் பிடித்த அந்த இரண்டு வாரத்தில் அவள் ஒரு தடவைகூட மூக்கைப் பொத்தியதில்லை, அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

விழாவுக்கு அவரைத் தயார் பண்ண எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. பிதுங்குகிற இடத்தில் பஞ்சு, குழி விழுந்த இடத்தில் மெழுகு, பச்சை பாரித்த இடத்தில் சிவப்புப் பூச்சு, அதன்மேல் சதை நிறம், கண்ணுக்கு லென்ஸ். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை வெள்ளை நாடா போட்டு இறுக்கிக் கட்டி, அதன்மேல் கோட்டு மாட்டினேன். என் கைவேலையில் இதைவிடச் சிறந்தது இல்லை. அந்த அசிங்கமான பெருமை எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

முன்வரிசையில் பெரியவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்கள் அழுகை என்று நினைத்துக்கொள்ளும்படி உட்கார்ந்திருந்தார்கள். திரையில் நாற்பத்தாறு வருஷத்து உதைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினார்கள். தாத்தா உதைக்க அரங்கம் சிரித்தது, மகன் உதைக்க அரங்கம் சிரித்தது, பேரன் உதைக்க அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி தானே நடந்து, ஒன்பது படி ஏறி, ஒவ்வொரு படிக்கும் கோட்டுக்குள்ளிருந்து ஏதோ சொட்டச் சொட்ட, மேடைக்கு நடுவில் போய் நின்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் கண்ணில் நான் வைத்த லென்ஸ் மின்னியது. மைக் பக்கமாகக் கையை நீட்டினார். அவர் சொல்வதற்கு ஏதோ வைத்திருந்தார், உதடுகளைச் சேர்த்துச் சேர்த்துப் பழகிக்கொண்டிருந்ததை நான் கேரவனில் பார்த்திருக்கிறேன்.

மைக் கைக்கு வருவதற்குள் பேரன் ஹீரோ மேடையில் தாவி ஏறினார். “சார்கூட அந்த ஃபேமஸ் ஷாட் இல்லாம எப்படி? ஃபேன்ஸுக்காக ஒரே ஒரு தடவை!” என்றார். அரங்கம் ஊளையிட்டது. அண்ணாச்சி திரும்புவதற்குள் உதை விழுந்துவிட்டது.

நாடா அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் முகம் குப்புற விழுந்தார். வலது கை மணிக்கட்டோடு கழன்று விருதுமேசைக்கு அடியில் உருண்டு போனது, வயிற்றுப் பக்கம் கோட்டு நனைந்து கறுத்தது. ஹீரோவின் வெள்ளை ஷூவில் தெறித்தது, அவர் ஒரு கால் தூக்கி நின்று ‘சீ’ என்று முகம் சுளித்துக் காட்ட, அரங்கம் இதைவிடப் பெரிதாக எப்போதும் சிரித்ததில்லை. குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வாய் தானாகப் போய்விட்டது.

மதினி மேடையேறி வந்தாள். ஒருவரும் தடுக்கவில்லை, நிகழ்ச்சியில் அடுத்தது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அவரைத் தூக்கி உட்காரவைத்து, மேடையில் தூவிக் கிடந்து முகத்தில் ஒட்டிய காகிதப் பூக்களை எடுத்துப் போட்டாள்.

“பன்னெண்டு கேமரா ஓடுது. சிரிச்சிட்டு வாங்க. வீட்டுக்குப் போவம்” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஐயாயிரம் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார், கமிட்டியைப் பார்த்தார், ரித்விக்கைப் பார்த்தார், காளிங்கனைப் பார்த்தார், படிக்கட்டோரம் பஞ்சும் பசையுமாக நின்ற என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. இடது கையால் கீழே கிடந்த மைக்கை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

“தூ!” என்றார்.

அரங்கத்தின் எல்லா ஒலிபெருக்கியிலும் அது விழுந்தது. சிரிப்புக்குப் பதில் எமனுக்கு அது போதுமாக இருந்தது; அதோடு அவர் முழுதாகச் செத்துப்போனார். தலை மதினியின் மடியில் சாய்ந்தது. டைமிங்கைப் பார்த்து ஐயாயிரம் பேரும் எழுந்து நின்று எட்டு நிமிஷம் கைதட்டினார்கள். மறுநாள் காலையில் அந்தத் ‘தூ’ ஆயிரக்கணக்கான பேரின் ரிங்டோனாக இருந்தது. துப்பியது தன்மேல் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் இருந்தவன்மேல் என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் ரசித்தார்கள்.

மேசைக்கு அடியில் கிடந்த கையை நான்தான் தேடி எடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டார். மதினி என்னைக் கூப்பிட்டாள்.

“தம்பி, அந்தப் பூச்செல்லாம் எடுத்துருங்க. மெழுகு, பசை, லென்ஸ், ஒண்ணும் இருக்கப்பிடாது. மிச்சம் இருக்கது எப்படி இருந்தாலும் சரி, அவரு மூஞ்சியோட போகட்டும். உங்ககிட்ட இது ஒண்ணுதான் கேக்கேன்” என்று சொல்லிவிட்டுக் கோடித்துணி எடுத்துவர உள்ளே போனாள்.

நான் எடுத்தேன். எண்ணெய் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு பூச்சாகத் துடைத்து எடுத்தேன். அடியில் இருந்த முகத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை, கோபக்கார முகம். அப்போது போன் அடித்தது. காளிங்கன்.

“வில்சன், இன்னும் ஒரு நாள் ஷூட்டிங் பாக்கி இருக்கு. க்ளைமாக்ஸ். பொம்மை வச்சு எடுத்துக்கலாம்னு டைரக்டர் சொல்றாரு. எரிக்கிறதுக்கு முன்னாடி மூஞ்சிக்கு ஒரு அச்சு எடுத்துருங்க. உங்க கைவேலை பேசப்படும்.”

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். “உங்க பேரு டைட்டில்ல தனியா வரும்” என்றார். பெட்டிக்குள் பிளாஸ்டர் மாவு இருந்தது. பக்கத்தில் சொம்பில் தண்ணீர் இருந்தது. குழைத்தேன். அந்தக் கோபத்தின்மேல் வெள்ளையாக அப்பினேன். உள்ளே மதினி பீரோவைத் திறக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அது இறுகும்வரை காத்திருந்து, உரித்து, துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். உரித்தபோது ஒரு புருவம் அதோடு வந்துவிட்டது.

மதினி துணியோடு வந்து குனிந்து பார்த்தாள். மூக்கோரத்திலும் காதுமடலிலும் வெள்ளை ஒட்டியிருந்தது.

“இது என்ன தம்பி?”

“பவுடர் மதினி.”

நாடகக் கம்பெனியில் முகமூடி செய்து பார்த்தவள் அவள். ஈரத்துணியை எடுத்து அந்த வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தாள். புருவம் போன இடத்தில் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், “நீங்க வீட்டுக்குப் போங்க தம்பி” என்றாள். தோள் கொடுக்க என்னைக் கூப்பிடவில்லை.

படம் வந்து நூறு நாள் ஓடியது. கடைசி இருபது நிமிஷம் நீங்கள் கண்ணீர் வரச் சிரித்தீர்களே, அது அந்த அச்சில் வார்த்த பொம்மை. இந்த வருஷம் சிறந்த ஒப்பனைக்கான விருதுக்கு என் பேரை அறிவித்திருக்கிறார்கள். நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. மேடையில் மைக் கொடுப்பார்களாம், இரண்டு நிமிஷம் பேசலாமாம். வரும் ஞாயிற்றுக்கிழமை விழா, கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டேன்.